பார்கின்சனுக்கு ஒரு வாடை உண்டு!

19-ஆவது நிமிடம். மேசை மேல் இருக்கும் இயந்திரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூம்பில் மூக்கைப் பொருத்தியபடி உட்கார்ந்திருக்கிறார் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். அந்தக் கூம்பின் வழியே இதுவரை என்னென்னவோ வந்து போய்விட்டன. இப்போது வருவதை முகர்ந்ததும், இதுதான் என்கிறார். பலமாக வருகிறது என்கிறார். 21-ஆவது நிமிடம் வரை அந்த வாடை அடித்து, பிறகு அடங்குகிறது. அதே காற்றின் இன்னொரு பங்கைத் தனக்குள் இழுத்துக்கொண்ட இயந்திரம், அந்த 2 நிமிடத்தில் வந்து போன மூலக்கூறுகள் எவை எவை என்று எடைபோட்டுக் குறித்துக்கொண்டே இருக்கிறது!

ஆய்வுக்கூடக் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். இதைவிட எனக்குப் பிடித்த காட்சி இன்னொன்று கிடையாது. ஒரு மனுஷியின் மூக்கும் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொருளைப் பரிசோதிக்கின்றன. பொருள், ஒரு பார்கின்சன் நோயாளியின் முதுகிலிருந்து துடைத்தெடுத்த எண்ணெய்ப்பசை. இடம், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். முகர்பவர் ஜாய் மில்ன், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்துக்காரர். வாருங்கள், இந்தக் கூடத்துக்குள் நுழைந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கலாம்.

நுழையும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் இந்த நோயை, ஆரம்பத்திலேயே கண்டு சொல்லும் எளிய ரத்தப் பரிசோதனை எந்த லேபிலும் கிடையாது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-இல் இதைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது 6 பேரின் விவரம்தான். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. 200 ஆண்டு கழிந்த பின்னும் நரம்பியல் மருத்துவரின் முதல் கருவி அவருடைய கண்தான். நடக்கச் சொல்கிறார், திரும்பச் சொல்கிறார், ஆள்காட்டி விரலால் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறார், மணிக்கட்டைப் பிடித்து அசைத்து விறைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் கை நடுங்கி மருத்துவரிடம் போய் உட்காரும் நேரத்துக்குள், டோபமின் சுரக்கும் மூளைச் செல்களில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். போனது திரும்பாது. அதனால்தான் முன்கூட்டியே அறிய ஒரு வழி என்றதும் நரம்பியல் உலகமே நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறது.

இனி ஜாயின் வீட்டுக்கு. அவர் கணவர் லெஸ், மயக்க மருந்து நிபுணர். பள்ளி நாளிலிருந்தே பழக்கம், வாட்டர் போலோ ஆடுகிற வாட்டசாட்டமான ஆள். ஜாய்க்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அது அவர் குடும்பத்துச் சொத்து, பாட்டிக்கும் இருந்ததாம். லெஸ்ஸுக்கு 30 வயதைக் கடந்த கொஞ்ச காலத்தில் அவர் மேல் ஒரு புது வாடை வர ஆரம்பித்தது. கஸ்தூரி வாடையில் கொஞ்சம் கெட்டது கலந்த மாதிரி. சரியாகக் குளி, நன்றாகப் பல் தேய் என்று ஜாய் சொல்ல, குளித்துவிட்டுத்தானே வந்தேன் என்று லெஸ் சிடுசிடுக்க, வீட்டில் இதே பேச்சாகிப் போனது. வாடையோ போகவில்லை. நாள்போக்கில் மனிதரின் குணமும் மாறிக்கொண்டே வந்தது. 45 வயதில் பார்கின்சன் என்று தெரிந்தது. அந்த வாடைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கும் என்று வீட்டில் இருந்த நர்ஸுக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் பார்கின்சன் நோயாளிகள் கூடும் ஒரு சந்திப்புக்குப் போனார்கள். அறைக்குள் காலை வைத்ததும் ஜாய்க்குத் திகைப்பு. அந்த வாடை அறை முழுக்க இருக்கிறது! ஒருவரிடமிருந்து லேசாக, இன்னொருவரிடமிருந்து பலமாக. வீட்டுக்கு வந்து லெஸ்ஸிடம் சொன்னார். மருத்துவம் படித்தவர் அல்லவா, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

2012-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டிலோ குனாத் என்ற விஞ்ஞானி ஒரு கூட்டத்தில் பேசினார். ஸ்டெம் செல்லை வைத்துப் பார்கின்சனை ஆராய்பவர். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். ஜாய் எழுந்து, பார்கின்சன்காரர்களுக்கு ஒரு வாடை இருக்கிறதே, நோயைக் கண்டுபிடிக்க அதை ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்டார். நோயாளிகளுக்கு மோப்ப சக்தி குறைவதைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது என்று குனாத் நினைத்தார். அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. இந்த நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டு முன்பே மூக்கு மந்தமாகிவிடும், அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஜாய் கேட்டது நேர் எதிரான கேள்வி. தங்கள் மேலிருந்து கிளம்பும் வாடையைத் தாங்களே அறிய முடியாதவர்களைப் பற்றி, அதை அறியக்கூடிய ஒருவர் எழுந்து நின்று கேட்கிறார்! விஷயம் அன்றைக்கு அதோடு போய்விட்டது. பிறகு குனாத் இதை வேதியியலாளர் பெர்டிட்டா பாரனிடம் சொல்ல, அந்த அம்மாவைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும் என்றார் பாரன். எனக்கு இந்தக் கதையில் பாரனை ரொம்பப் பிடிக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அவருடைய தொழில். ஒரு பொருளுக்கு வாடை இருக்கிறதென்றால் அங்கே மூலக்கூறு இருக்கிறது, மூலக்கூறு இருந்தால் இயந்திரத்தால் பிடிக்கலாம் என்று அவருக்கு உடனே தெரிந்தது.

அடுத்து நடந்ததுதான் டி-ஷர்ட் சோதனை. நோயாளிகள் 6 பேர், நோய் இல்லாதவர்கள் 6 பேர். எல்லாரும் ஒரு டி-ஷர்ட்டைப் போட்டுப் பழுக்கவிட்டுக் கழற்றித் தந்தார்கள். துவைக்காத அந்த 12 சட்டைகளும் ஜாய் முன்னால் வந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. முகர்ந்து முகர்ந்து பிரித்தார். 6 நோயாளிகளையும் சரியாகச் சொல்லிவிட்டார். நோய் இல்லாதவர்களில் 5 பேரையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஒருவரிடம் மட்டும் சறுக்கல். நோய் இல்லாத ஒருவருக்கு இருக்கிறது என்றார், மாற்றிக்கொள்ளவும் மறுத்துவிட்டார். 12-க்கு 11 என்றாலே அசத்தல்தான். 8 மாதம் கழித்துச் செய்தி வருகிறது. அந்த ஒருவருக்குப் பார்கின்சன் உறுதியாகிவிட்டது!

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. 12-க்கு 12. அதில் அந்தப் பன்னிரண்டாவது, எந்த மருத்துவரும் இன்னும் கண்டுபிடிக்காத நோயாளி.

இதே சோதனையில் இன்னொரு துப்பும் கிடைத்தது, என் கணக்கில் அதுதான் பெரிய துப்பு. சட்டையில் வாடை எங்கே அதிகம்? அக்குள் பக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. பின்கழுத்து, மேல் முதுகு! வியர்வைக்குரிய இடங்கள் அல்ல இவை, எண்ணெய் சுரக்கும் இடங்கள். நெற்றியிலும் தலையிலும் மேல் முதுகிலும் தோல் தானாகச் சுரக்கும் மெழுகுப் பசைக்கு சீபம் என்று பெயர். பார்கின்சன் நோயாளிகளுக்கு முகத்தில் எண்ணெய் வழியும், தோல் செதில் செதிலாக உரியும் என்பது தோல் மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரியும். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூளையில் நடப்பது அந்த எண்ணெயில் எழுதியிருக்கும் என்று யார்தான் நினைத்தார்கள்?

இனி கூடத்துக்குள். முதலில் மாதிரி எடுப்பதைப் பாருங்கள். சட்டையைக் கொஞ்சம் விலக்கி, மேல் முதுகில் ஒரு காஸ் துணியையோ பஞ்சுக்குச்சியையோ வைத்துத் தேய்க்கிறார்கள். வேலை முடிந்தது! ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. தேய்த்ததை உறையில் போட்டுத் தபாலில்கூட அனுப்பலாம், சீபம் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது.

துணி மான்செஸ்டருக்கு வந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் போகிறது. குப்பியை இளஞ்சூடாக்கினால் பறக்கக்கூடியவை எல்லாம் பறந்து மேலே வருகின்றன. அந்த ஆவியைப் பிடித்து கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். இதன் உயிர், சுருள் சுருளாகச் சுற்றி வைத்த ஒரு குழாய். நீளம் 30 மீட்டர் அளவுக்கு இருக்கும், உள் விட்டம் கால் மில்லிமீட்டர்தான். குழாயின் உட்சுவரில் ஒரு பூச்சு. ஒரே நேரத்தில் நுழையும் மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள், வழியில் தெரிந்தவர் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறவர் மட்டும் கடைசியில் வாசலுக்கு வருவார் இல்லையா, அதுதான் இங்கேயும். சுவர்ப் பூச்சோடு ஒட்டாதது விரைந்து வெளியேறும், ஒட்டி உறவாடுவது தாமதிக்கும். ஆரம்பத்தில் ஒரே கதம்பமாக இருந்த வாடை, வெளியேறும்போது ஒன்றன் பின் ஒன்றாகப் பிரிந்து வருகிறது.

குழாயின் முடிவில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு. அங்கே மூலக்கூறுகள் மேல் எலெக்ட்ரான் மோதி, அவை துண்டு துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டின் நிறையும் பதிவாகிறது. எந்தப் பொருள் எப்படி உடையும் என்பது ஏற்கெனவே பெரிய பட்டியல்களில் இருப்பதால், துண்டுகளை வைத்து முழுப் பொருளின் பெயரைச் சொல்லிவிடலாம். இன்னொரு கிளை அந்தக் கண்ணாடிக் கூம்புக்கு, அதாவது ஜாயின் மூக்குக்கு. இப்படிப்பட்ட கூம்புகளில் ஈரக் காற்றையும் சேர்த்து விடுவது வழக்கம், இல்லாவிட்டால் முகர்கிறவருக்கு மூக்கின் உட்புறம் காய்ந்து எரியும். இந்த ஏற்பாட்டை வாசனைத் திரவியக் கம்பெனிகள் வெகு நாளாகப் பயன்படுத்துகின்றன. நோயைத் துரத்த இதைக் கொண்டுவந்து வைத்தார்களே, அங்கேதான் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது!

64 பேரின் மாதிரிகளை வைத்துச் செய்த இந்த ஆய்வு 2019 மார்ச்சில் வெளிவந்தது. துருபத் திரிவேதி, பாரன், குனாத் ஆகியோருடன் ஜாய் மில்னின் பெயரும் கட்டுரை ஆசிரியர்கள் வரிசையில் இருக்கிறது. முகர்ந்தவர் ஆய்வுப் பொருளாக அல்ல, ஆய்வாளராக! நோயாளிகளின் சீபத்தில் ஹிப்பூரிக் அமிலம், ஐகோசேன், ஆக்டாடெக்கனால் மூன்றும் கூடுதலாக இருந்தன. பெரில்லிக் ஆல்டிஹைடு குறைந்திருந்தது. 19-ஆம் நிமிடத்துக்கும் 21-ஆம் நிமிடத்துக்கும் நடுவே ஜாய் விரலை வைத்த இடமும், கணக்குப் போட்டு இயந்திரம் சுட்டிக்காட்டிய பொருள்கள் வெளிவந்த இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. சுத்தமாகத் தயாரித்த அதே பொருள்களைக் கலந்து அவரிடமே முகரவும் கொடுத்தார்கள். பார்கின்சன் வாடைக்கு இது நெருக்கம் என்றார்.

உடனே ஒரு கேள்வி எழும். நோயாளிகள் லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார்களே, அந்த மருந்தின் வாடையாக இருந்தால்? நியாயமான சந்தேகம். அதற்காகவே இன்னும் மருந்து தொடங்காத நோயாளிகளையும் தேடிச் சேர்த்தார்கள். 2021-இல் வெளியான அடுத்த ஆய்வில் 274 பேர். அதில் 80 பேர் மருந்தே எடுக்காத நோயாளிகள். அவர்களின் சீபத்திலும் கொழுப்புப் பொருள்களின் கணக்கு மாறித்தான் இருந்தது. மாத்திரை மேல் பழிபோட வழியில்லை.

இனி வருவது இந்தக் கூடத்தில் எனக்கு மிகப் பிடித்த மூலை. கையில் எடுத்துப் பார்க்க இயந்திரமே இல்லை, ஒரு துண்டுக் காகிதம்! வடிகட்டித் தாளை முக்கோணமாக வெட்டியிருக்கிறார்கள். முதுகைத் துடைத்த பஞ்சை அதன் மேல் தேய்க்கிறார்கள். முக்கோணத்தின் கூர்முனை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வாயைப் பார்த்தபடி இருக்க, பின்பக்கத்தை ஒரு உலோகக் கிளிப் கவ்வியிருக்கிறது. சொட்டுச் சொட்டாகக் கரைப்பான் விடுகிறார்கள். தாள் நனைகிறது, ஈரம் நுனிக்கு ஊர்கிறது. கிளிப் வழியாகச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்ததும், நுனியில் திரவம் கூம்பாக எழும்பி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதறி இயந்திரத்துக்குள் பாய்கிறது. தோலில் இருந்த எண்ணெய் அப்படியே மின்னேற்றம் பெற்று உள்ளே போய்விட்டது. குப்பி வேண்டாம், சூடாக்க வேண்டாம், 30 மீட்டர் குழாயில் காத்திருக்க வேண்டாம். 3 நிமிடத்தில் ஓர் ஆளின் கணக்கு முடிந்துவிடும்!

இந்தத் தாள் வித்தை 2010-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் குழுவிடமிருந்து வந்தது. இங்கே நம் ஊர் ஒரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு, குக்ஸோடு சேர்ந்து 2014-இல் ஒரு வேலை செய்தது. தாளில் கார்பன் நேனோ குழாய்களைப் பூசினார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் கேட்ட வித்தை 3 வோல்ட்டுக்கு வந்துவிட்டது, இரண்டு டார்ச் செல் தருகிற அளவு! அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் தீபஞ்சன் சர்க்கார். மான்செஸ்டரில் முதுகு எண்ணெயைத் தாளிலிருந்து தெளித்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவர்தான். அடையாற்றங்கரைக் கைப்பழக்கம் அங்கே போய்ப் பலித்திருக்கிறது.

அந்த 2022 ஆய்வில் நோயாளிகள் 79 பேர், நோய் இல்லாதவர்கள் 71 பேர். தாள் நுனியிலிருந்து கிளம்பிய அயனிகளை உடனே எடைபோடாமல், முதலில் வாயு நிரம்பிய ஓர் அறையில் ஓடவிட்டார்கள். எடை ஒன்றாக இருந்தாலும் பருமனானது வாயுவில் முட்டி மோதித் தாமதிக்கும், ஒடுங்கியது முந்தும். இப்படி எடையோடு வடிவத்தையும் வைத்துப் பிரித்தபோது சீபத்தில் 4,000 வெவ்வேறு பொருள்கள் தெரிந்தன. அவற்றில் 500 பொருள்கள் நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் வேறுபட்டிருந்தன. பெரும்பாலும் கொழுப்புகள், ட்ரைகிளிசரைடு வகையறா.

இங்கே ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன். இந்தக் கனத்த கொழுப்புகள் பறப்பவை அல்ல, அதனால் மூக்குக்கு எட்டாதவை. ஜாய் முகர்ந்தது இவற்றை அல்ல! அவர் மூக்கு ஒரு வாடையைப் பிடித்தது, அந்த வாடை ஓர் இடத்தைக் காட்டியது, அந்த இடத்தில் தோண்டினால் வாடையே இல்லாத புதையல் இன்னும் அதிகமாகக் கிடக்கிறது. மூளை நோயைத் தேடி மூளைக்குள்ளும் முதுகெலும்பு நீருக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போய்க்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்களை, முதுகுத் தோலைப் பார் என்று திருப்பிவிட்டது கணவரின் வாடை மாறியதைக் கவனித்த ஒரு மனைவிதான். பயோசென்சர் என்றாலே சில்லும் கம்பியுமாக எண்ணுகிறோம். இந்தக் கதையில் முதல் சென்சார் ஜாய், இயந்திரங்கள் எல்லாம் அவர் பின்னால் வந்தவை. பெருமையைப் பங்கிடுகிறபோது இந்த வரிசை மாறக் கூடாது என்பது என் பிடிவாதம்.

முதுகெலும்பு நீரில் தேடியவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், அங்கேயும் ஓர் அற்புதம் நடந்திருக்கிறது. பார்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் கோணலாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கும். நோயாளியின் முதுகெலும்பு நீரைக் கொஞ்சம் எடுத்து, நேரான புரதம் உள்ள கிண்ணத்தில் விட்டு, குலுக்கிக் குலுக்கி வைக்கிறார்கள். கோணல் விதை ஒன்றிரண்டு இருந்தாலும் போதும், அது பெருகிப் பெருகி, கூடவே போட்ட சாயம் ஒளிரத் தொடங்கும். 1,123 பேரிடம் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பார்கின்சன்காரர்களில் 87.7 சதவீதம் பேருக்கு ஒளிர்ந்தது. நோய் இல்லாதவர்களில் 96.3 சதவீதம் பேருக்கு ஒளிரவில்லை. பிரமாதம்! ஆனால் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். சந்தேகம் உள்ள ஒருவருக்குச் செய்யலாம், ஊரில் உள்ள எல்லாருக்கும் செய்ய முடியுமா? முதுகைத் துடைப்பதென்றால் யாருக்கும் செய்யலாம்.

நாய்களைப் பார்க்காமல் போனால் இந்தச் சுற்று முடியாது. பெயர் பம்பர், பீனட். பம்பர் கோல்டன் ரிட்ரீவர், பீனட் கறுப்பு லேப்ரடார். இங்கிலாந்தில் மோப்ப நாய்களுக்கு மருத்துவப் பயிற்சி கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் செல்லங்கள். 200-க்கும் மேற்பட்ட வாடை மாதிரிகளை வைத்து இவற்றுக்குப் பயிற்சி. நிலைக்கம்பியில் முதுகுத் துடைப்பு இருக்கும். நோயாளியுடையது என்றால் நின்று காட்ட வேண்டும், இல்லையென்றால் சட்டை செய்யாமல் நகர வேண்டும். இரண்டுக்குமே பரிசு உண்டு. தேர்வு நாளில் எந்த மாதிரி யாருடையது என்று உடன் இருப்பவர்களுக்கும் தெரியாது, அவர்கள் முகத்தைப் பார்த்து நாய் பதிலைத் தெரிந்துகொள்ளக் கூடாது அல்லவா! 2025 ஜூலையில் முடிவு வெளியானது. நோயாளிகளின் மாதிரியை 80 சதவீதம் வரைக்கும் சரியாகப் பிடித்திருக்கின்றன. நோய் இல்லாதவர்களின் மாதிரியை 98 சதவீதம் வரைக்கும் சரியாக ஒதுக்கியிருக்கின்றன. ஒருவர் மூக்குக்கு மட்டும் தெரிந்த மாயம் என்று யாராவது இனிமேலும் சொன்னால், பம்பரையும் பீனட்டையும் கைகாட்டுவேன்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கதவு. கனவு காணும் தூக்கத்தில் நம் உடம்பு அசையாமல் கட்டுண்டு கிடக்கும். சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கனவில் யாரையாவது அடித்தால் நிஜத்திலேயே கையை வீசுவார்கள், கத்துவார்கள், உதைப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடிபடும். இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் பார்கின்சனிலோ அதன் உறவான மறதி நோயிலோ போய் நிற்கிறார்கள். நடுக்கம் வருவதற்கு முந்தைய கட்டத்தை உயிரோடு பார்க்க இவர்கள்தான் வழி. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் மருத்துவர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட 9 பேரின் முதுகுத் துடைப்பை மான்செஸ்டர் குழு ஆராய்ந்தது. கூடவே 46 பார்கின்சன்காரர்கள், நோய் இல்லாத 28 பேர். 2025-இல் வெளியான முடிவு: தூக்கக் கோளாறுக்காரர்களின் சீபம் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிற்கிறது! ஆரோக்கியமும் இல்லை, பார்கின்சனும் இல்லை, போகிற வழியில் இருக்கிறது.

இந்த மாதிரிகளும் ஜாயிடம் போயின. அந்தத் தூக்கக் கோளாறுக்காரர்களில் இரண்டு பேரிடம் பார்கின்சன் வாடையும் சேர்ந்து வருகிறது என்றார். மருத்துவரிடம் அடுத்த முறை வந்தபோது அந்த இரண்டு பேருக்கும் பார்கின்சன் உறுதியானது. டி-ஷர்ட் கதை மறுபடியும்!

7 ஆண்டு முன்பே கண்டுபிடிக்கலாம் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் 9 பேர் என்பது 9 பேர்தான். நூற்றுக்கணக்கானவர்களிடம், பல நாடுகளில், வேறு நரம்பு நோய்களோடு ஒப்பிட்டு இது நின்று காட்ட வேண்டும். மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் சோதனையாக இது இன்னும் ஆகவில்லை. லெஸ் 2015-இல் காலமானார். இந்த வேலையை விட்டுவிடாதே என்று இறப்பதற்கு முன் மனைவியிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஜாய் விடவில்லை.

எனக்கு ஓர் ஆசை உண்டு, அதை எழுதாமல் விட முடியவில்லை. இதுவரை துடைத்த முதுகுகள் பெரும்பாலும் குளிர் நாட்டு முதுகுகள். சித்திரை வெயிலில் வியர்த்து, தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காயில் குளித்து, கழுத்தில் டால்கம் பவுடர் போட்டுக்கொள்ளும் ஒரு மதுரை முதுகின் சீபத்தில் அந்த 500 பொருள்களும் அப்படியே தெரியுமா, எண்ணெயும் பவுடரும் கணக்கைக் குழப்புமா? நம் ஊர் முதுகுகளைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு வேண்டிய தாள், கத்தரி, கரைப்பான் எல்லாம் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இருக்கின்றன. நம் மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவு வாசலில் தினமும் காலையில் வரிசை நிற்கிறது. பஞ்சுக்குச்சிப் பெட்டியோடு ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டியதுதான்.